இல்லாத அல்சர்

குற்றாலம் ஸ்டேஷன் ஏட்டு இசக்கிராஜா ஒரு வருஷமாக இலஞ்சி வழியாகத்தான் வேலைக்குப் போய்வந்தான். வீடு தென்காசி கீழப்புலியூரில். அங்கிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்கு நேர் ரோடு கிடக்கிறது. இலஞ்சி வழி என்றால் சுற்று. ஸ்டேஷனில் கேட்டவர்களிடம், இலஞ்சி முருகனைக் கும்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவைத்திருந்தான். இவன் ஒருநாளும் வண்டியை விட்டு இறங்கியதில்லை என்பது முருகனுக்கு மட்டும் தெரியும். மேலகரம் ரோட்டில் டாக்டர் நாச்சியாரின் கிளினிக் இருந்தது. இவ்வளவு பக்திக்கும் காரணம் அதுதான்.

நாச்சியார் ஒன்றும் கடித்துத் தின்கிறவர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவன் குடும்பத்துக்கு அவர்தான் டாக்டர். கல்யாணமான மூன்றாம் மாதம் ஜெயசித்ரா தலைசுற்றி விழுந்தபோது முதன்முதலாக அங்கே கூட்டிக்கொண்டு போனான். மகள் மஞ்சு வயிற்றில் இருந்தபோது சர்க்கரை ஏறியதைக் கண்டுபிடித்தவரும் அவர். ஜெயசித்ராவின் அப்பா நாற்பத்தெட்டு வயதில் வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து, மாதம் ஒருமுறை அவளை வரவைத்து பிரஷர் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், அந்த மாதத்துக்கான மாத்திரையை எழுதிக் கொடுப்பார். எல்லாம் ஜெயசித்ராவின் பெயர் போட்ட ஒரு மஞ்சள் அட்டையில் பொடி எழுத்தில் ஏறும்.

ஜெயசித்ராவிடம் "என்னட்டி செய்யுது?" என்று கேட்பார். "ஒண்ணும் செய்யல டாக்டரம்மா" என்பாள் அவள். எப்போதும் அதே பதில்தான். நாச்சியார் அந்தப் பதிலைக் காதிலேயே வாங்காமல் அவள் நகத்தைப் பார்ப்பார், கணுக்காலை அழுத்திப் பார்ப்பார், மாடியில் துணி காயப்போடுகிறாளா, நடுவில் நிற்கிறாளா என்று ஊர்க்கதை கேட்பதுபோலக் கேட்பார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இசக்கிராஜா கொட்டாவி விடுவான். ஒன்றும் செய்யவில்லை என்கிறவளிடம் இந்தம்மா இப்படித் துருவுவது எதற்கு என்று அவனுக்கு விளங்கியதே இல்லை. ஸ்டேஷனில் களவாணிகளைத் துருவுகிறவனுக்கு இதுகூட விளங்கவில்லை என்றால் என்ன சொல்வது.

வினை போன வருஷம் ஆடியில் வந்தது. கடையம் பக்கம் அவன் சொந்த ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. பல வருஷம் கழித்து அந்த வருஷம் அவன் குடும்பத்து முறை. அண்ணன் ராணுவத்தில், அஸ்ஸாமில் இருந்தான். முன்னால் நின்று நடத்த இசக்கிராஜாவை விட்டால் ஆளில்லை. ஆனால் ஆடி என்பது குற்றாலத்தில் சீசன். சாரல் விழுந்து, அருவியில் தண்ணீர் கொட்டி, உலகமே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற மாதம். அந்த மாதத்தில் லீவு கேட்கிற போலீஸ்காரனை இன்ஸ்பெக்டர் மேலும் கீழும் பார்ப்பார். "வீட்டுல ஆராவது படுக்கையில கெடந்தா சொல்லு, பாப்போம்" என்றார்.

உடுப்போடு நேரே நாச்சியாரிடம் போனான்.

"டாக்டரம்மா, சித்ராவுக்கு உடம்புக்கு முடியலன்னு ஒரு சர்டிபிகேட் வேணும். மூணு நாளைக்கு."

"ஏன், சித்ராவுக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. கொடைக்குப் போவணும்."

நாச்சியார் சிரித்துவிட்டார். "கொடைக்கு லீவுன்னா சுடலைட்ட கேளு, எங்கிட்ட ஏன் கேக்க? அவ அட்டையில நான் பாத்தது மட்டுந்தான் இருக்கும் ராஜா. பாக்காதத எழுதமாட்டேன்."

கதவு பாதி திறந்து கிடந்தது. வெளியே பெஞ்சில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அதில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். உடுப்பில் இருக்கும்போது அடுத்தவன் சிரிப்பு இரண்டு மடங்காகக் கேட்கும். இசக்கிராஜா தொப்பியை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தான். வீட்டுக்குப் போனதும் அந்தப் பேசாத வார்த்தையெல்லாம் ஜெயசித்ராவின் தலையில் இறங்கியது.

"ஏட்டி, இனிமே அந்தம்மா வாசப்படிய நீ மிதிக்கப்படாது. ஊருல வேற டாக்டரா இல்ல?"

"மாத்திரை தீரப்போவுதே."

"வேற எடத்துல வாங்கிக்கிடலாம்."

அந்த வேற இடம் எது, எந்தக் கிழமை போவது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மாத்திரை தீர்ந்தது. ஜெயசித்ராவுக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே.

சர்டிபிகேட்டுக்கு வழி சொன்னவன் கூட வேலை பார்க்கும் செந்தில்வேல். ஊருக்கு வெளியே புதிதாக வந்திருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபீஸில் அவன் மச்சான் இருந்தான். "பேரு, வயசு, போன் நம்பர் போதும் அண்ணாச்சி. ஆளு வரவேண்டாம்" என்றான். கூடவே ஒரு யோசனையும் சொன்னான். "வெறும் வயித்துவலின்னு போட்டா இன்ஸ்பெக்டர் நம்பமாட்டாரு. அல்சர், ரத்த வாந்தின்னு போடச் சொல்லுதேன்." போட்டார்கள். வயிற்றில் புண், ரத்த வாந்தி, ஆகஸ்ட் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை உள்நோயாளி. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, பார்க்கிறவனுக்கே வயிற்றைப் புரட்டும்படி இருந்தது. இன்ஸ்பெக்டர் பதறிப்போய் ஐந்து நாளாகக் கொடுத்தார்.

கொடை குறைவில்லாமல் நடந்தது. ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஜெயசித்ரா, மூன்று நாளும் கோயில் வாசலில் புகையில் நின்று பொங்கல் வைத்தாள். திரும்பி வந்ததும் ஸ்டேஷனில் ஆளாளுக்கு விசாரித்தார்கள். "இப்பம் பரவால்ல" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். இரண்டு நாள் உறுத்தியது. அப்புறம் பழகிவிட்டது. நாச்சியாரின் கிளினிக்கைத் தாண்டிப் போவதுதான் பழகவில்லை. கோபம் ஆறியிருந்தது, ஆனால் எந்த முகத்தோடு போய் நிற்பது? அதனால் இலஞ்சி முருகன்.

இந்த வருஷம் ஆனி மாதம் ஒருநாள் சாப்பாடு போடும்போது ஜெயசித்ரா சொன்னாள். "மேவயிறு பிடிச்ச மாதிரி இருக்குங்க. மாடிக்கு ஏறுனா கூடுது."

அவன் உடனே கூட்டிக்கொண்டு போனான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் போனது அந்தப் புது ஆஸ்பத்திரிக்கு. அங்கே தெரிந்த ஆள் இருக்கிறான், வரிசையில் நிற்கவேண்டாம் என்று கணக்குப் போட்டான். செய்த வேலை அவனுக்கே மறந்துபோயிருந்தது.

வரவேற்பில் இருந்த பெண் போன் நம்பரை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினாள். "ஜெயசித்ரா. முன்னாடியே ஃபைல் இருக்கு சார்" என்று ஒரு நீலக் கவரைக் கொடுத்து உள்ளே அனுப்பினாள். போன ஆடியில் செய்த வேலை இசக்கிராஜாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உள்ளே இருந்த இளம் டாக்டர் திரையைப் பார்த்தார். "போன வருஷம் அல்சருக்கு இங்க அட்மிட் ஆயிருக்கீங்க. ரத்த வாந்தி எடுத்திருக்கீங்க, இல்லையாம்மா?"

ஜெயசித்ரா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். முதலில் புரியாமல்தான் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், உடுப்பைப் பார்த்தாள், நெஞ்சில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான். இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். அவனும் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்.

"ஆமா சார்" என்றாள் ஜெயசித்ரா.

"வலி பத்துக்கு எத்தனை இருக்கும்?"

"ரெண்டு மூணு இருக்கும்."

அந்த டாக்டரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அவருக்கு முன்னால் ஒரு பழைய அல்சர் இருந்தது, அதை ஒப்புக்கொள்ளும் நோயாளி இருந்தாள், சாட்சிக்கு ஒரு போலீஸ்காரன் வேறு இருந்தான். காரம் குறைக்கச் சொல்லி, வயிற்றுப் புண்ணுக்கு ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். நாச்சியாரின் மாத்திரையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததை இவர்களும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் பைக்கை விட்டு இறங்கிய பிறகுதான் ஜெயசித்ரா கேட்டாள்.

"கொடைக்கா?"

"ம்."

"ரத்த வாந்தின்னா போட்டீய?"

"அப்பந்தான் லீவு குடுப்பாவன்னு செந்திலு சொன்னான்."

அவள் கொஞ்சம் சிரித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. "சரி, விடுங்க. ஆரு கேட்டாலும் ஆமான்னே சொல்லிக்கிடுதேன். வேலைக்குப் பங்கம் வரப்படாது பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல புத்தி ஒருநிமிஷம் எட்டிப் பார்த்தது. நாளைக்கே போய் அந்த டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சொன்னால், பொய் சர்டிபிகேட் கொடுத்த போலீஸ்காரன் என்று ஆகும். மெமோ வரும். எஸ்.ஐ. ஆகிற வயதில் வேலைக்கே உலை வைக்கும். வயிற்றுவலிதானே, மாத்திரையில் சரியாகிவிடும். மாத்திரையில் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று ஜெயசித்ராவும் சொன்னாள். அவள் எப்போது வேறு மாதிரி சொன்னாள்?

ஆடி பிறந்தது. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் காலை, வெளியே தூறல். இசக்கிராஜா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுக்கும்போது ஜெயசித்ரா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் வேர்த்திருந்தது. அந்தக் குளிரில் வேர்வை.

"என்னங்க, என்னய நாச்சியாரம்மாட்ட ஒரு எட்டு கூட்டிட்டுப் போறீயளா?"

"என்னட்டி செய்யுது?"

"ஒண்ணுமில்ல. ஒரு மாதிரி வருது."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கூட்டம் அள்ளும். சாயந்தரம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பேரருவியில் ஆண்கள் பக்கம் வரிசை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு, எண்ணெய் தேய்த்த உடம்புகளை உள்ளே விடுவதும் வெளியே தள்ளுவதுமாக நின்றான். தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. ஆனால் அவள் கேட்டது மட்டும் காதுக்குள்ளேயே நின்றது. இந்த ஒரு வருஷத்தில் அவள் நாச்சியார் பெயரைச் சொன்னதில்லை. அவன் வேண்டாம் என்று சொன்ன எதையும் அவள் இரண்டாம் முறை கேட்டவள் இல்லை. ஒருமணி நேரம் தாக்குப்பிடித்தான். பிறகு விசிலைச் செந்தில்வேல் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான். வண்டி இலஞ்சிப் பக்கம் திரும்பவில்லை. நேரே மேலகரம் போனது.

ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் வரை நாச்சியார் பார்ப்பார். பெஞ்சு நிறைய ஆள். நனைந்த உடுப்போடு வாசலில் நின்றவனை உள்ளே இருந்தே பார்த்துவிட்டார்.

"ராஜாவா? உள்ள வா. சித்ரா எங்க?"

இத்தனை நாளாக எங்கே போனாய் என்று கேட்பார் என்று எதிர்பார்த்து அதற்கு ஒரு பதிலும் ஜோடித்து வைத்திருந்தான். அது வீணாய்ப் போனது. "அவ வீட்டுல இருக்கா. மேவயிறு வலின்னு ஒரு மாசமா சொல்லுதா. அல்சர்னு மாத்திரை குடுத்திருக்காவ..."

"சித்ராவுக்கு அல்சரா? எவன் சொன்னான்?"

அவன் தரையைப் பார்த்தான். நாச்சியார் அதை அப்போதைக்கு விட்டுவிட்டு வேறு கேட்டார். சாப்பிட்டதும் வலிக்கிறதா, நடந்தால் வலிக்கிறதா? நின்றால் விடுகிறதா? கைக்கு, தாடைக்குப் பரவுகிறதா? ராத்திரி தலையணையை உயர்த்திப் படுக்கிறாளா? பிரஷர் மாத்திரை யார் எழுதித் தருகிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் தெரியாது, தெரியாது என்றான். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியும். அதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"இன்னைக்கு என்ன சொன்னா? அவ சொன்னத அப்படியே சொல்லு."

"நாச்சியாரம்மாட்ட கூட்டிட்டுப் போறீயளான்னு கேட்டா."

நாச்சியார் எழுந்துவிட்டார். "அவளாக் கேட்டாளா? இருபத்திரண்டு வருசத்துல ஒருநாள் அவ தானா வந்ததில்ல ராஜா. மஞ்சு பொறக்கும்போது வலி எடுத்தத ஒம் மாமியாதான் கண்டுபிடிச்சா, இவ வாயத் தொறக்கல. எத்தன மணிக்குக் கேட்டா?"

"எட்டு."

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தாகப் பத்து நிமிஷம். நாச்சியார் ஈ.சி.ஜி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். காத்திருந்தவர்களிடம், ஒரு அவசரம், இருக்கிறவர்கள் இருங்கள், போகிறவர்கள் நாளைக்கு வாருங்கள் என்றார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

வீட்டில் ஜெயசித்ரா அடுக்களைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. நாச்சியாரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல டாக்டரம்மா" என்றாள். நாச்சியார் அவளை அப்படியே படுக்கவைத்து ஒயர்களை ஒட்டினார். ஓடி வந்த தாளைப் பார்த்தார். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையை மென்று தின்னச் சொல்லிக் கொடுப்பதற்காகக் கையில் எடுத்தவர், அவன் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டிய ஆஸ்பத்திரி நீலக் கவரைப் பார்த்து நிறுத்தினார். "அல்சர்ல ரத்தம் போச்சுன்னா இதுவே ஆகாதே" என்று முனகிவிட்டு, அதைப் பையில் போட்டுக்கொண்டு, "ஹார்ட் அட்டாக். என் கார்லயே ஏத்து. பேசாத" என்றார்.

பக்கத்தில் இதயத்துக்குப் பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பணியில் இருந்தவர் டாக்டர் முஃபீத், முப்பத்தைந்து வயது இருக்கும். தாளைப் பார்த்த மாத்திரத்தில் ஆட்களை ஏவினார். "ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டிரலாம் மேடம். இன்னும் நேரம் இருக்கு." பிறகு நீலக் கவரைப் பிரித்தார். அவர் கை நின்றது.

"போன வருஷம் ரத்த வாந்தின்னு அட்மிஷன் இருக்கே. ஒரு மாசமா அதுக்கு மாத்திரை வேற. இந்த ஊசி போட்டு உள்ள ரத்தம் கசிஞ்சா நிறுத்துறது கஷ்டம். திருநெல்வேலிக்கு அனுப்பி ஆஞ்சியோ பண்ணுறதுதான் சேஃப். ஆனா போய்ச் சேர்ந்து, ரெடி பண்ணி... அதுக்குள்ள ஹார்ட்ல இன்னும் எவ்வளவு செத்துப்போகும்னு சொல்ல முடியாது."

"இவள நான் இருபத்திரண்டு வருசமாப் பாக்கேன். இவளுக்கு அல்சர் கிடையாது" என்றார் நாச்சியார்.

முஃபீத் குனிந்தார். "அம்மா, போன வருஷம் ரத்த வாந்தி எடுத்தீங்களா?"

ஜெயசித்ராவின் உதடு வெளுத்திருந்தது. கண்ணைத் திறந்து கணவனைத் தேடினாள். கட்டிலின் கால்மாட்டில் அவன் நின்றான். "ஆமா சார்" என்றாள்.

நாச்சியாரின் முகம் வாடிப்போனது. "போன ஆடிக்குப் பொறவு எங்கிட்ட இவ வரல முஃபீத். அந்த ஒரு வருசத்துக்கு நான் எப்படி ஜவாப் சொல்ல முடியும்?" என்றார். பிறகு, என்னவோ தோன்றியதுபோல, "அதுல தேதி என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"ஆகஸ்ட் ஒன்பதுல இருந்து பதினொண்ணு."

நாச்சியார் மெல்லத் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "ராஜா. போன வருசம் ஒங்க கொடை என்னைக்கு?"

மெமோ, இன்ஸ்பெக்டர், செந்தில்வேல், எஸ்.ஐ. பதவி எல்லாம் ஒரே சமயத்தில் இசக்கிராஜாவின் கண்ணுக்குள் வந்து நின்றன. மனைவி அங்கே செத்துக்கொண்டிருக்கும்போது அவனுக்கு இதெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு நொடிக்காக அவன் பின்னாளில் தன்னை எத்தனை தரம் காறித் துப்பிக்கொண்டான் என்பதற்குக் கணக்கே இல்லை. அப்போது ஜெயசித்ரா தலையை மெல்ல இடமும் வலமும் அசைப்பது தெரிந்தது. வேண்டாம், சொல்லாதீர்கள் என்று.

அதைப் பார்த்த பிறகு அவனால் தாங்க முடியவில்லை.

"அது பொய் டாக்டர். லீவுக்காக நான் எழுதி வாங்குன பொய். இவ ரத்த வாந்தி எடுக்கல. அந்த ஆஸ்பத்திரியில ஒருநாள் கூடப் படுக்கல. அந்த மூணு நாளும் எங்க ஊர்க் கோயில்ல பொங்கல் வச்சுக்கிட்டு இருந்தா. இவ சொல்லுததும் பொய்தான். என்னயக் காப்பாத்தச் சொல்லுதா."

"சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எம் மக மேல சத்தியம். ஊசியப் போடுங்க."

முஃபீத் அவன் உடுப்பைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார். கையில் இருந்த தாளில் ஒரு வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, "சிஸ்டர், ரெடி பண்ணுங்க" என்றார்.

வெளியே நாற்காலியில் நாச்சியார் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் அழலாம் என்றிருந்தது. அவர் சொன்னது வேறு.

"நானும் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும். மாசாமாசம் வாரவ வரலையேன்னு நெனைக்கத்தான் செஞ்சேன். ஒனக்கு ரோஷம், ஆறுனா வருவன்னு விட்டுட்டேன்."

அவனுக்கு அது அடியைவிட மோசமாக விழுந்தது. தன் பங்குக்கு ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்து? அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். போகிற வருகிறவர்கள், போலீஸ்காரன் அழுகிறானே என்று பார்த்தார்கள்.

ஊசி வேலை செய்தது. மறுநாள் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய் அடைப்பையும் சரிசெய்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆனால் அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இதயத்தின் கீழ்ப்பக்கம் ஒரு பகுதி ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. அது இந்த அடி இல்லை, பழையது. முன்பே ஒருமுறை வந்து போயிருக்கிறது. எப்போது என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது, மாதக்கணக்கில் ஆகியிருக்கலாம் என்றார்.

இசக்கிராஜா விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். ஆனியில்தான் வலி என்று சொன்னாள். ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மாதம். கணக்கு உதைத்தது.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். மஞ்சு மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த ஜெயசித்ரா முதலில் கேட்டது இதைத்தான்.

"ஸ்டேஷன்ல தெரிஞ்சிட்டா?"

"இல்ல. நான்தான் போய்ச் சொல்லணும்."

"எதுக்குங்க? அந்த டாக்டரு ஆர்ட்டயும் சொல்லமாட்டாரு. நீங்களா ஏன் வாயக் கொடுக்கீய?"

சொல்வானா என்று அவனுக்கே அப்போது தெரியவில்லை. இரண்டு நாளாக இன்ஸ்பெக்டரின் நம்பரை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். நாற்காலியைக் கட்டிலோடு இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"சித்ரா. மொத மொதல்ல எப்பம் வலிச்சுது?"

"அதான் ஆனியில சொன்னேம்லா."

"சொன்னத கேக்கல. வலிச்சத கேக்கேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் எழுந்து போகவில்லை. கைபேசி இரண்டுமுறை அடித்தது, எடுக்கவில்லை. நர்ஸ் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போனாள். அதற்கப்புறமும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

"கார்த்தியல்ல" என்றாள் ஜெயசித்ரா. "தீபத்துக்கு மொத நாளு. நீங்க டூட்டிக்குப் போயிட்டீய. நெஞ்சுல ஆரோ ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு. கையெல்லாம் மரத்துப்போச்சு. கொஞ்சம் விட்டதும் ஒரு ஆட்டோவப் பிடிச்சு மேலகரம் போனேன்."

இசக்கிராஜா நிமிர்ந்தான். "நாச்சியாரம்மாட்டயா? பாத்தியா?"

"இல்ல. வாசல் வரைக்கும் போனேன். நீங்க மிதிக்கப்படாதுன்னு சொன்னது ஞாபகம் வந்துட்டு. உள்ள அந்தம்மா ஆரையோ வஞ்சுக்கிட்டு இருந்தாவ. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னேன். கேட்டதே கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. பொறவு அதே ஆட்டோவுல திரும்பி வந்துட்டேன்."

கார்த்திகையிலிருந்து ஆடி வரைக்கும் எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அவள் அவனுக்கு மூன்று வேளையும் சோறு போட்டிருந்தாள். அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். ஜெயசித்ரா பதறி, "என்னங்க இது, ஆராவது வந்திரப் போறாவ, எந்திரிங்க" என்றாள்.